பிரிஞ்சி இலை டீ: கடையில் தினமும் கேட்கிற சந்தேகங்களும் பதில்களும்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மளிகையும் நாட்டு மருந்தும் சேர்ந்த கடை. முன்பெல்லாம் பிரிஞ்சி இலை கேட்டு வருகிறவர்கள் பிரியாணிக்கோ குருமாவுக்கோதான் வாங்குவார்கள். இப்போது வருகிறவர்களில் பலர், "செரிமானத்துக்கு டீ போடுவாங்களாமே, அந்த இலை கொடுங்க" என்கிறார்கள். பொட்டலம் மடிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடிவதில்லை. பாதி கேட்டுவிட்டுப் போய் வீட்டில் தப்பாகப் போட்டவர்களும் உண்டு. அதனால்தான் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பிரிஞ்சி இலை, பிரியாணி இலை, பே லீஃப் எல்லாம் ஒண்ணுதானா?

பிரிஞ்சி இலையும் பிரியாணி இலையும் ஒன்றுதான். நாட்டு மருந்துப் பெயர் இலவங்கப்பத்திரி. இலவங்கப்பட்டை மரத்துக்கு நெருங்கிய உறவான ஒரு மரத்தின் இலை. இமயமலை அடிவாரத்திலும் மேகாலயா பக்கமும் விளைந்து, காய்ந்து, மூட்டையாக நம் ஊருக்கு வருகிறது. டெல்டா மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பே லீஃப் என்று வெளிநாட்டுச் சமையலில் சொல்வது வேறு மரம். அது மத்தியதரைக் கடல் ஓரத்து லாரல் மரத்தின் இலை, பெரும்பாலும் துருக்கியிலிருந்து வருவது. ஆன்லைனில் அழகான டப்பாவில் வாங்கினால் அதுவாக இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது சுலபம். இலையைத் திருப்பி வைத்து நரம்பைப் பாருங்கள். காம்பிலிருந்து நுனி வரைக்கும் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் நம் பிரிஞ்சி இலை. நடுவில் ஒரே நரம்பும் பக்கவாட்டில் கிளைகளும் இருந்தால் லாரல். நம்முடையது ஒரு விரல் நீளத்துக்கும் மேலே இருக்கும், கிராம்பும் பட்டையும் கலந்த வாசம். லாரல் சிறியது, அதன் வாசத்தில் தைலச் சாயல் தெரியும். டீ இரண்டிலும் போடலாம், ருசிதான் மாறும். இங்கே நான் சொல்கிற அளவெல்லாம் நம் இலைக்கு.

அளவு சொல்லுங்க, எப்படிப் போடறது?

ஒரு ஆளுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், அதாவது சுமார் 300 மில்லி. நடுத்தர அளவில் 2 இலை, பெரியதாக இருந்தால் 1 போதும். இலையைத் தண்ணீரில் அலசி, நான்கைந்து துண்டாகக் கிழித்துப் போடுங்கள். கிழித்தால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் இறங்கும். முழு இலையைப் போட்டுவிட்டு "ஒரு வாசமும் வரல" என்று வந்தவர்கள் நிறைய.

தண்ணீர் கொதித்ததும் இலையைப் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து, தட்டால் மூடி 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்தபிறகும் மூடியைத் திறக்காமல் 5 நிமிடம் இருக்கட்டும். அப்புறம் நல்ல வலை வடிகட்டியில் வடிகட்டுங்கள். ஒரு டம்ளர் வரும். வெளிர் பழுப்பு நிறம், லேசான துவர்ப்பு, கடைசியில் நாக்கில் ஒரு மெல்லிய காரம். இவ்வளவுதான். கறுப்பாக, கசப்பாக வந்தால் அதிகம் கொதித்துவிட்டது என்று அர்த்தம். கசந்தால் மருந்து ஏறியிருக்கிறது என்று நினைத்துக் குடிக்க வேண்டாம்.

மூடி வெச்சே ஆகணுமா? நான் டீ போடற மாதிரி திறந்துதான் கொதிக்க விட்டேன்.

மூடத்தான் வேண்டும். இந்த இலையில் வேலை செய்கிற பொருள் அதன் வாசனை எண்ணெய்தான். கிராம்பில் இருக்கிற யூஜினால் இதிலும் இருக்கிறது. அது ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க மணக்கிறது என்று சந்தோஷப்பட்டால், டம்ளரில் வர வேண்டியது காற்றில் போய்விட்டது என்று பொருள். மூடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே தட்டி விடுங்கள். முகர்ந்து பாருங்கள், அந்தச் சொட்டில்தான் மணம் அதிகம்.

கூட இஞ்சி, சீரகம் போடலாமா?

தாராளமாக. அரை ஸ்பூன் சீரகம் போட்டால் எனக்கே பிடிக்கும். இலையோடு சேர்த்தே கொதிக்கலாம். இஞ்சி என்றால் சுண்டுவிரல் நக அளவு, தட்டிப் போட்டால் போதும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகு என்று அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். வயிற்றை ஆற்றுவதற்குப் போடுகிற டீ வயிற்றை எரித்துவிடும்.

பால், சர்க்கரை?

பால் வேண்டாம். செரிக்கக் கஷ்டப்படுகிற வயிற்றுக்குப் பால் இன்னொரு சுமை, இந்த இலையின் துவர்ப்போடு ருசியும் ஒட்டாது. இனிப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் பனைவெல்லம் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதுவும் கூடாது, பனைவெல்லமும் சர்க்கரைதான். எலுமிச்சை பிழிவதானால் வடிகட்டி, கொஞ்சம் ஆறிய பிறகு நாலு சொட்டு.

டீன்னு சொல்றீங்களே, ராத்திரி குடிச்சா தூக்கம் போயிடாதா?

பேரில்தான் டீ. தேயிலை இதில் இல்லை, அதனால் காஃபீனும் இல்லை. சரியாகச் சொன்னால் இது இலைக் கஷாயம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபில்டர் காபி குடிக்கிற பழக்கம் நம் பக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்குப் பதிலாக இதைக் குடிக்க ஆரம்பித்து, தூக்கம் நன்றாக வருகிறது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் வந்தது இலையால் இல்லை, காபியை விட்டதால் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

எந்தத் தண்ணி, எந்தப் பாத்திரம்?

குடிக்கிற தண்ணீர்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் போர் தண்ணீர் உப்பு. அதில் போட்டால் எந்தக் கஷாயமும் கெட்டுப்போகும். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில் அதைப் பிடித்து வைத்துப் போடுங்கள்.

பாத்திரம் எவர்சில்வர் போதும். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்தில் போடலாமா என்று கேட்டார் ஒரு அம்மா. உள்ளே வெள்ளீயம் பூசி, அந்தப் பூச்சு தேயாமல் இருந்தால் போடலாம். பூச்சு போன பித்தளையிலோ செம்பிலோ வேண்டாம், அதிலும் எலுமிச்சை சேர்க்கிறவர்கள் தொடவே வேண்டாம். புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரும்.

எங்க வீட்டுத் தொட்டியிலேயே பிரியாணி இலைச் செடி இருக்கு. பச்சையா பறிச்சுப் போடலாமா?

முதலில் அது என்ன செடி என்று தெரிய வேண்டும். நர்சரிக்காரர்கள் "பிரியாணி இலை" என்று குறைந்தது மூன்று செடிகளைக் கொடுக்கிறார்கள். வாள் மாதிரி நீளமாக, கசக்கினால் பாசுமதி அரிசி வாசம் வந்தால் அது ரம்பை. சோற்றுக்கு அருமையாக இருக்கும், இந்த டீக்கு ஆகாது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்த வாசம் வந்து, இலையில் நடு நரம்பு ஒன்று மட்டும் தெரிந்தால் சர்வசுகந்தியாக இருக்கும். மூன்று நரம்பு இருந்தால் இலவங்கப்பட்டை மரமாகவும் இருக்கலாம், பிரிஞ்சி மரமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பம். பச்சை இலை என்றால் கொஞ்சம் கசப்பு தெரியும். நிழலில் ஒரு வாரம் காய வைத்துப் போடுவது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெயர் தெரியாத மரத்தில் இலையைப் பறித்து வந்து, "பார்க்க அப்படியே இருக்கு" என்று கொதிக்க வைக்காதீர்கள். நம் தெருவெல்லாம் அரளி நிற்கிறது. அதன் இலையும் நீளமாக, தடிப்பாகத்தான் இருக்கும். காய்ந்துவிட்டால் வித்தியாசம் தெரியாமல் போகும். அரளி இதயத்தை நிறுத்துகிற விஷம், கொதித்தாலும் போகாது. சந்தேகம் இருந்தால் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்குங்கள்.

கடையில நல்ல இலைன்னு எப்படிப் பார்க்கறது?

நிறம் பாசிப்பச்சை அல்லது சாம்பல் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறிவிட்டால் பழசு. ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஒடித்த இடத்தை மூக்கில் வைத்தால் வாசம் வர வேண்டும். எங்கள் கடையிலும் ஒடித்துப் பார்த்தே வாங்குங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் வைப்பதுதான் டெல்டாவில் பெரிய பாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வேர்க்கிறது, பொட்டலத்தில் கிடக்கும் இலை எம்மாத்திரம். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, மக்கல் வாடை வந்தாலோ எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். துடைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை துடைத்தால் போகாது. கொஞ்சமாக வாங்கி, ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பது உத்தமம்.

எப்போ குடிக்கணும்? காலையில வெறும் வயித்துல குடிச்சா நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பாக, மெதுவாகக் குடியுங்கள். வயிறு கனத்து, ஏப்பம் வராமல், உப்பினாற்போல் இருக்கிறதே, அந்த நேரத்துக்கானது இது. வெறும் வயிற்றில் குடிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. புளித்த ஏப்பக்காரர்களுக்கு அது எரிச்சலைத்தான் கொடுக்கும்.

உண்மையிலேயே கேக்குமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

நேர்மையாகச் சொல்கிறேன். செரிமானத்துக்குப் பிரிஞ்சி இலைக் கஷாயம் குடிப்பது பழக்கத்தில் வந்தது. பெரிய அளவில் மனிதர்களிடம் சோதித்து நிரூபித்த மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வாசனை எண்ணெய்கள் வாயு பிரிய உதவும் என்பது கிராம்பு, சீரகம், ஓமம் எல்லாவற்றிலும் நாம் அனுபவத்தில் பார்ப்பது. வெந்நீரே ஒரு இதம் கொடுக்கும். சாப்பிட்டவுடன் படுக்காமல் உட்கார்ந்து ஒரு டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறீர்களே, அந்தக் கால் மணி நேரமும் வேலை செய்கிறது.

விருந்துக்குப் பிறகு வருகிற மந்தத்துக்கு எனக்கு இது கேட்கிறது. மலச்சிக்கலுக்கு இது மருந்தே இல்லை. தொப்பை கரையும், கல் கரையும் என்பதெல்லாம் வீண் பேச்சு.

நம்மகிட்ட வெத்தலை, ஓமம், சுக்கு எல்லாம் இருக்கே. எங்கிருந்தோ வர்ற இலை எதுக்கு?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. கேட்டவர் திருவையாற்றுப் பக்கத்துக்காரர், வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அவர் சொல்வது சரிதான். காவிரிக் கரையில் விளைகிற வெற்றிலை சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கும் வயிற்றுக்கும் ஆகும். வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்துக்கு மிஞ்சி எதுவுமில்லை என்பதே என் அபிப்பிராயம். அவற்றை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆனால் ஓமத்தின் காட்டம் சிலருக்குத் தாங்காது, சுக்கின் காரமும் அப்படித்தான். அவர்களுக்கு இந்த இலை மென்மையாக இருக்கும். வெற்றிலையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெறும் வெற்றிலையோடு யாரும் நிற்பதில்லை, பாக்கு சேர்ந்துகொள்கிறது, சிலருக்குப் புகையிலையும். பாக்கு புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு பாக்கு போடாமல் இருக்க முடியவில்லை என்கிறவர்களுக்கு, அந்த நேரத்தில் கையில் பிடிக்க ஒரு டம்ளர் கொடுத்தால் உதவுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

இலையை அப்படியே மென்னு முழுங்கினா இன்னும் நல்லதா?

கூடாது. எவ்வளவு கொதித்தாலும் இந்த இலை மெத்தாவதில்லை. ஓரம் கத்தி மாதிரி நிற்கும். தொண்டையில் குத்தி நின்றால் மருத்துவமனைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். பிரியாணியிலும் இலையை ஒதுக்கிவைத்துச் சாப்பிடுவது அதனால்தான். டீயை நல்ல வலை வடிகட்டியில் வடிகட்டச் சொன்னதும் இதற்காகவே, கிழித்த துண்டில் ஒன்று தப்பினாலும் வம்பு. வயதானவர்களுக்கும் பல் இல்லாதவர்களுக்கும் கொடுக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

காலையில மொத்தமா போட்டு ஃபிளாஸ்க்ல வெச்சுக்கலாமா? அதே இலையை மறுபடி கொதிக்க வைக்கலாமா?

வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றினால் ஆறு ஏழு மணி நேரம் வைக்கலாம். இலையோடு ஊற்றினால் கசந்துபோகும். மறுநாளைக்கு வைக்க வேண்டாம். இரண்டாம் தடவை கொதித்தால் நிறம் வரும், வாசம் வராது. ஒரு இலையின் விலைக்கு அந்தச் சிக்கனம் தேவையில்லை.

கல்யாணத்துல பந்தி முடிஞ்சதும் எல்லாருக்கும் கொடுக்கணும். நூறு பேருக்கு எவ்வளவு?

தை முகூர்த்தத்துக்கு முன்னால் இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நூறு பேருக்குச் சின்ன கப்பில் 100 மில்லி என்று வைத்தால் 10 லிட்டர். மேலே சொன்ன கணக்கை அப்படியே பெருக்கினால் அறுபது எழுபது இலை வரும், அது அதிகம். பெரிய அண்டாவில் தண்ணீர் அவ்வளவு சுண்டாது, சூடும் ஆறாது, இலை நீண்ட நேரம் ஊறிக்கொண்டே இருக்கும். 11 லிட்டர் தண்ணீருக்கு 40 இலை, 50 கிராம் சீரகம், 100 கிராம் தட்டிய இஞ்சி. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி இறக்குங்கள், கால் மணி நேரம் சிம்மில் வைத்து மூட்டையைத் தூக்கிவிடுங்கள். வடிகட்டுகிற வேலையும் மிச்சம், யார் கப்பிலும் இலைத் துண்டு போகாது. பக்கத்தில் "பிரிஞ்சி இலைக் கஷாயம்" என்று ஒரு அட்டை வையுங்கள். கீழே நான் எழுதியிருக்கிற காரணங்களால் சிலர் குடிக்கக் கூடாது, அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு நெஞ்செரிச்சல். இதைக் குடிச்சா கூடுதே?

கூடினால் விட்டுவிடுங்கள். வயிறு கனப்பதும் நெஞ்சு எரிவதும் வேறு வேறு தொல்லை. இந்த இலையின் காரம் எரிச்சல்காரர்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்தால் இன்னும் மோசம். ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட்டுப் படுப்பது எந்த டீயைவிடவும் பலன் தரும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எரிச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?

குறைக்கவே கூடாது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 2009-ல் பாகிஸ்தான் ஆராய்ச்சியாளர்கள் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 40 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 30 நாள் தினமும் 1 முதல் 3 கிராம் வரை இலைப்பொடி கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது என்றார்கள். கவனியுங்கள், அது லாரல் இலை, நம் இலை இல்லை. பொடியைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தது, டீ இல்லை. ஆட்களும் நாற்பதே பேர். அதை வைத்துக்கொண்டு டாக்டர் எழுதிய மாத்திரையில் கை வைக்க முடியுமா? மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கவும் வாய்ப்பு உண்டு. தினமும் குடிக்கப் போகிறீர்கள் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வேற யார் யார் குடிக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் கஷாயமாகக் குடிக்க வேண்டாம். குருமாவில் ஒரு இலை கிடப்பதால் ஒன்றும் ஆகாது. கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் ஒரு பாலாடை இதைக் கொடுக்கலாமா என்று கேட்ட பாட்டிகள் பலர். வேண்டாம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்திவிடுவது நல்லது. பட்டை, கிராம்பு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருகிறவர்களுக்கு இதுவும் அதே மாதிரி செய்யலாம்.

தினமும் குடிக்கலாமா?

தேவைப்படுகிற அன்றைக்கு ஒரு டம்ளர், மிஞ்சிப் போனால் இரண்டு. தினமும் தேவைப்படுகிறது என்றால் கேள்வி இலையைப் பற்றியது இல்லை, உங்கள் வயிற்றைப் பற்றியது. இரண்டு வாரமாக மந்தம் விடவில்லை, எடை குறைகிறது, சாப்பாடு இறங்க மறுக்கிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ என்றால் அன்றைக்கே.

நெஞ்சுல வாயு அடைச்சிருக்கு, இதைக் குடிச்சா இறங்குமா?

இந்தக் கேள்வி கேட்கிறவருக்கு நான் இலை கொடுப்பதில்லை. முதலில் உட்கார வைத்துக் கேட்பேன்: வேர்க்கிறதா, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா, நடந்தால் அதிகமாகிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் அடைப்பும் குமட்டலுமாகவும் வரலாம்.

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே "வாயுப்பா, ஓமத் தண்ணி கொண்டா" என்றார். கொடுத்தோம். சோடா கொடுத்தோம். சட்டை முதுகோடு ஒட்டுகிற மாதிரி வேர்த்திருந்தது, வெயில் என்று விசிறினோம். இரண்டு மணி நேரம் போனபிறகுதான் வண்டி வைத்தோம். உயிர் பிழைத்தார். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இன்றைக்கும் பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஓமம் கொடுத்த கை என் கை.

அதனால் நெஞ்சில் அடைப்பு என்றால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள், ஈசிஜி எடுங்கள். வெறும் வாயுதான் என்று அங்கே சொல்லி அனுப்பினால், வீட்டுக்கு வந்து இரண்டு இலையைக் கிழித்துப் போட்டுக் கொதிக்க வையுங்கள்.